மணலில் புதைந்த சக்கரமும் பதுங்குகுழியின் கூரையும்



கர்ணனின் தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்த கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஏதேனும் ஒரு பிள்ளை எழுந்து, "அவ்வளவு பலசாலி ஏன் ஐயா தூக்க முடியவில்லை?" என்று கேட்டுவிடும். சாபம் என்று நாமும் விடை சொல்லி அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். புராணத்திற்கு அந்த விடை போதும். ஆனால், புதைந்த சக்கரத்தை வெளியே எடுப்பது எப்படி என்ற கேள்விக்குத் தனியே ஒரு வரலாறு இருக்கிறது. எகிப்துக்கும் லிபியாவுக்கும் இடையிலுள்ள பாலைவனத்தில், முதல் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் நடுவில் நடந்த வரலாறு அது. ஆசிரியர்களும் பெற்றோர்களும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க கதை என்பதால் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், வண்டி ஏன் மணலில் சிக்குகிறது என்று பார்ப்போம்.

உலர்ந்த மணலுக்கு ஒட்டும் தன்மை கிடையாது. ஒரு மணி இன்னொரு மணியோடு உரசுவதால் கிடைக்கும் பிடிமானம் ஒன்றே அதன் வலிமை. சக்கரம் அதன்மீது மெல்ல உருண்டால் மணிகள் நெருங்கி அடுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்க முயலும். ஓட்டுநர் பதறிப்போய், நம் பேச்சு வழக்கில் சொன்னால் 'எண்ணெயை அமுக்கினால்', சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். சுழலும் சக்கரம் ஒரு மண்வெட்டி. முன்னாலிருக்கும் மணலை வாரிப் பின்னால் வீசித் தனக்குத்தானே குழி தோண்டிக் கொள்ளும். சில நொடிகளில் வண்டியின் வயிறு மணலில் படிந்துவிடும். அதன்பின் வண்டியின் எடையை வயிறு தாங்குகிறது. சக்கரத்தின்மீது பாரமே இல்லை. பாரமில்லாத சக்கரத்திற்குப் பிடிமானம் ஏது? இந்த நிலையில் இயந்திரத்தின் ஆற்றல் கூடக்கூட வண்டி இன்னும் ஆழமாகத்தான் போகும்.

ஆகவே முதல் விதி, சிக்கிய உடனே நிறுத்துவது. சொல்வதற்கு எளிது, சக மனிதர்கள் வண்டிக்குள் இருக்க, தண்ணீர் அளவாக இருக்க, அடுத்த கிணறு முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, காலை எடுத்துவிட்டு இறங்குவது அவ்வளவு எளிதன்று.

எகிப்தின் மேற்கே பெரும் மணற்கடல் என்று ஒரு பகுதி உண்டு. ஏறத்தாழ 72,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. நம் தீபகற்ப மலேசியாவின் பாதிக்கும் சற்று அதிகம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அத்தனையும் மணல்; வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வரிசை வரிசையாக நீண்டு கிடக்கும் குன்றுகள்; அவற்றுள் நூறு மீட்டர் உயரத்தை எட்டுபவையும் உண்டு. 1874ஆம் ஆண்டு ஜெர்மானியப் பயணி கெர்ஹார்ட் ரோல்ஃப்ஸ் ஒட்டகங்களோடு கிழக்கேயுள்ள தாக்லா சோலையிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். குன்று வரிசைகளைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. ஒட்டகங்களால் இயலவில்லை. வழியில் அரிதிலும் அரிதாக மழை பெய்தது. அந்த இடத்திற்கு 'மழைவெளி' என்று பொருள்படும் பெயரை வைத்துவிட்டு, குன்றுகளுக்கு இடையிலான வழியைப் பிடித்து வடக்கே சிவா சோலைக்குத் திரும்பினார். குறுக்கே கடக்க முடியாத இடம் என்ற பெயர் அன்றிலிருந்து நிலைத்தது.

ஒட்டகத்தைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒட்டகத்தின் பாதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தரையில் ஊன்றும்போது அது அகலமாக விரிந்து கொடுக்கும். பாரத்தைப் பரப்பிவிடும் அந்த உத்தியைத்தான் மோட்டார் வண்டிக்காரர்கள் பின்னாளில் வேறு வழியில் கற்றுக்கொண்டார்கள். 1923இல் அகமது ஹசனைன் என்ற எகிப்தியர் ஒட்டகங்களோடு மத்தியதரைக் கடற்கரையிலிருந்து குஃப்ரா சோலை வழியாகச் சூடான்வரை சென்று, அதுவரை உலக வரைபடங்களில் இடம்பெறாத அர்கெனு, உவைனத் என்ற இரு மலைகளைக் குறித்துக்கொண்டு வந்தார். பின்னால் மோட்டாரில் வந்தவர்களுக்கு உவைனத் ஒரு முக்கிய இலக்கானது. பாலைவனப் பயணக் கதைகளில் ஐரோப்பியர் பெயர்களே வரிசையாக வருவதால் இவரை நாம் மறந்துவிடக்கூடாது.

மோட்டார் வண்டி பாலைவனத்திற்கு வந்தபோது இரண்டு விதமான சிந்தனைகள் இருந்தன. ஒன்று, வண்டியையே மாற்றுவது. பிரான்சின் சித்ரோவன் நிறுவனம் பின்சக்கரங்களுக்குப் பதிலாக ரப்பர்ப் பட்டை பூட்டிய வண்டிகளைச் செய்தது. 1922 டிசம்பரில் அல்ஜீரியாவின் துக்குர்த்திலிருந்து புறப்பட்ட அத்தகைய ஐந்து வண்டிகள் 1923 சனவரி 7ஆம் நாள் திம்பக்துவை அடைந்தன. எகிப்திய இளவரசர் கமால் எல் தீன் உசேன் அவ்வகை வண்டிகளைக் கொண்டே எகிப்தின் தென்மேற்கு மூலையை ஆராய்ந்தார்; கில்ஃப் கபீர் என்னும் பெரும் பீடபூமிக்குப் பெயர் சூட்டியவர் அவரே. ஆனால் அந்த வண்டிகள் கனமானவை, மெதுவானவை, எரிபொருளைக் குடித்தவை. இளவரசருக்குக் கட்டுப்படியாகும்.

மற்றொரு சிந்தனை, சாதாரண வண்டியை வைத்துக்கொண்டு மணலோடு எப்படிப் பழகுவது என்பது.

இதைத் தொடங்கியவர்கள் படைவீரர்கள். 1916இல் சனூசி இயக்கத்தாருக்கு எதிரான போரின்போது ஆங்கிலேயர்கள் எகிப்தின் மேற்கு எல்லையில் இலகு மோட்டார் காவற்படைகளை அமைத்தார்கள். அவர்கள் ஓட்டியவை ஃபோர்டு மாடல் டி வண்டிகள். அதிக எடையில்லை, சிக்கினால் நாலைந்து பேர் சேர்ந்து தள்ளிவிடலாம். அப்படைகளில் ஒன்றை வழிநடத்திய கிளாட் வில்லியம்ஸ் நியூசிலாந்துக்காரர். இரும்பு வண்டிக்குள் காந்த ஊசி தடுமாறும் என்பதால் கதிரவனின் நிழலைக் கொண்டு திசை பார்ப்பது, கொதிக்கும் ரேடியேட்டரின் நீராவியை வீணாக்காமல் பிடிப்பது ஆகிய இரண்டும் அவர்களிடம் ஏதோ ஒரு வடிவில் முன்பே இருந்தன. போர் முடிந்ததும் படை கலைந்தது. கற்றதும் கோப்புகளுக்குள் போனது. வில்லியம்ஸ் எழுதி வைத்திருந்த நினைவுக்குறிப்பு நூலாக வெளிவந்தது 2013இல்தான்.

இந்த இடத்தில்தான் ரால்ஃப் பேக்னோல்டு வருகிறார். 1896இல் இங்கிலாந்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பிரான்சின் பதுங்குகுழிகளில் பொறியாளர் படையில் இருந்து உயிரோடு மீண்டவர். பிறகு கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். 1926இல் படைப்பணிக்காக எகிப்துக்கு வந்தார். அங்கே ஒத்த மனமுடைய சில அதிகாரிகளைச் சேர்த்துக்கொண்டு, விடுப்பு நாட்களில், சொந்தச் செலவில், ஃபோர்டு வண்டிகளில் பாலைவனத்துக்குள் போகத் தொடங்கினார். யாரும் அனுப்பவில்லை. எவரும் பணம் தரவில்லை. மற்ற அதிகாரிகள் போலோ விளையாடிய நேரத்தில் இவர்கள் மணலைத் தோண்டிக் கொண்டிருந்தார்கள்.

மணலில் சிக்கிய வண்டியை மீட்க அவர்கள் கண்ட கருவி எது தெரியுமா? கெய்ரோவில் பழைய இரும்பு விற்பவரிடம் கிடைத்த எஃகுத் தகடு. ஏறத்தாழ ஐந்து அடி நீளம், இரு ஓரமும் மடிந்து நீர்வாரி போன்ற வடிவம். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடுவதற்காகச் செய்யப்பட்டது அது. குண்டுமழையில் மனிதன் தலைக்குமேல் இருந்த பொருள், பத்தாண்டு கழித்து வண்டிச் சக்கரத்தின் கீழே போனது. வரலாற்றுப் பாடத்தில் இத்தகைய ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு பாடவேளை முழுவதும் பேசலாம் என்பது என் கருத்து.

மீட்கும் முறை இதுதான். வண்டி சிக்கியதும் ஓட்டுநர் நிறுத்திவிட வேண்டும். எல்லாரும் இறங்குவார்கள். பின்சக்கரங்களுக்கு முன்னாலுள்ள மணலைக் கைகளாலும் மண்வாரியாலும் அகற்றிச் சாய்வாக ஒரு வாய்க்கால் போலச் செய்வார்கள். எஃகுத் தகட்டின் ஒரு முனை டயரைத் தொடும்படி அந்தச் சாய்வில் செருகுவார்கள். முன்சக்கரங்களின் கீழே கயிற்று ஏணி அல்லது சுருட்டிக் கொண்டுவந்த கித்தான் பாய் விரிக்கப்படும். வயிற்றின் அடியில் மணல் இருந்தால் அதையும் வாரிவிட வேண்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடும் வேலை இதுதான். பிறகு ஓட்டுநர் கீழ்ப் பல்லிணையில் மெதுவாகக் கிளப்ப, மற்றவர்கள் தோள்கொடுத்துத் தள்ளுவார்கள். தகட்டின்மீது ஏறிய வண்டி வேகம் எடுத்ததும் கெட்டி நிலம் வரும்வரை நிறுத்தக்கூடாது. வண்டி அரை கிலோமீட்டர் தள்ளிப்போய் நிற்கும். மற்றவர்கள் சுடுகின்ற தகடுகளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் பின்னாலேயே நடந்து போக வேண்டும். சில சமயம் தகட்டைத் தாண்டிய மறுகணமே வண்டி மீண்டும் சிக்கும். மீண்டும் தோண்டல்.

டயரில் காற்றைக் குறைப்பது மற்றொரு வழி. நாம் எண்ணெய் நிலையத்தில் மகிழுந்துக்கு 220 கிலோபாஸ்கல் அளவில் காற்று அடைக்கிறோம் அல்லவா? டயர் தரையை அழுத்தும் அழுத்தமும் ஏறக்குறைய அதே அளவுதான். காற்றைப் பாதியாகக் குறைத்தால் டயர் தட்டையாகித் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். மணலின்மீது விழும் அழுத்தமோ பாதியாகும். ஒட்டகத்தின் பாதம் செய்வது இதைத்தான். கெட்டி நிலம் வந்ததும் மறுபடியும் காற்றடைக்க வேண்டும்; இல்லையென்றால் டயரின் பக்கச் சுவர் சூடேறிக் கிழிந்துவிடும். கைப்பம்பு வைத்து நான்கு டயருக்கும் காற்றடித்துப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. மணலில் திணறும் இயந்திரம் கொதிக்கும். ரேடியேட்டர் நீர் ஆவியாகப் போகும். குடிக்கும் நீரையே அதற்கும் ஊற்ற வேண்டும். ஆகவே அவர்கள் ரேடியேட்டரின் வாயை அடைத்து, அதிலிருந்து ஒரு ரப்பர்க் குழாயை வண்டியின் பக்கவாட்டில் பொருத்திய தகரக் கலத்துக்குக் கொண்டுபோனார்கள். கலத்தில் பாதி தண்ணீர். ஆவி அந்தத் தண்ணீருக்குள் போய்க் குளிர்ந்து நீராகிவிடும். கலமும் கொதித்தால் வண்டியைக் காற்று வீசும் திசைக்குத் திருப்பி நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். இயந்திரம் ஆறும்போது ரேடியேட்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, கலத்து நீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். எளிய அறிவியல், ஆனால் மனித உயிர் அதில் தொங்கியது.

1929, 1930 ஆகிய ஆண்டுகளில் பேக்னோல்டின் குழு மாடல் ஏ வண்டிகளோடு பெரும் மணற்கடலுக்குள் நுழைந்தது. ஐன் தல்லா என்னும் ஊற்றுக்கு மேற்கே மஞ்சள் நிறச் சுவர்போல முதல் குன்று வரிசை நின்றது. அதன்மீது வண்டி ஏறும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. பேக்னோல்டு வேகத்தைக் கூட்டி நேராகக் குன்றை நோக்கி ஓட்டினார். வண்டி புதையவில்லை, ஏறிவிட்டது. மணல் கெட்டியாக இருந்தது. ஆனால் உச்சியைத் தாண்டி மறுபுறம் இறங்கினால், அதே நிறம், அதே மணல், சக்கரம் அச்சுவரை புதைந்தது. கண்ணால் பார்த்தால் வேறுபாடு தெரிவதில்லை.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. வண்டியை மீட்டுவிட்டு ஊர்திரும்பிக் கதை பேசுபவர்கள் நிறையப் பேர். ஒரே மணல் ஓரிடத்தில் சாலையாகவும் பத்தடி தள்ளிச் சேறாகவும் இருப்பது ஏன் என்ற கேள்வியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனவர் பேக்னோல்டு. 1935இல் படையிலிருந்து ஓய்வு பெற்றதும், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மரப்பலகையும் கண்ணாடியும் கொண்டு ஒரு காற்றுச் சுரங்கத்தை அமைத்தார். அதற்குள் மணலைப் பரப்பிக் காற்றை ஊதிப் பார்த்தார். காற்றில் மணல் புகைபோல மிதந்து செல்வதில்லை, மணிகள் தாவித் தாவிச் செல்கின்றன என்பதை அளந்து காட்டினார். தாவும் ஒவ்வொரு மணியும் கீழே விழும்போது தரையிலுள்ள மணிகளை மோதுகிறது. இடைவிடாத இந்த மோதலால் காற்று வீசும் பக்கத்து மணல் நெருக்கமாக இறுகிவிடுகிறது. உச்சியைத் தாண்டிய மணலோ காற்று படாத மறுபுறச் சரிவில், சுமார் 33 பாகைச் சாய்வில், சரிந்து விழுந்து அப்படியே கிடக்கிறது. அதை இறுக்க யாரும் இல்லை. கெட்டி மணலும் பொய் மணலும் உண்டாகும் விதம் அதுதான். 1938இல் மீண்டும் பாலைவனத்துக்குப் போய், சுரங்கத்தில் கண்டது வெளியிலும் பொருந்துகிறதா என்று அளந்துவிட்டு வந்தார். காற்றால் நகரும் மணலின் இயற்பியலைப் பற்றிய அவருடைய நூல் 1941இல் வெளிவந்தது. இன்றும் அத்துறையில் முதலில் கைகாட்டப்படும் நூல் அது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. இதை வகுப்பில் செய்து காட்டலாம். ஐந்தாம் ஆண்டு மாணவர்களோடு நான் செய்திருக்கிறேன். பள்ளித் திடலில் நீளம் தாண்டும் குழியின் மணலை எடுத்துச் சலித்து, பழைய செய்தித்தாளில் பரப்பி இரண்டு நாள் நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரம் சிறிதளவு இருந்தாலும் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு முடிவு மாறிவிடும். ஒரே அளவுள்ள இரண்டு பால்மாவு டின்கள் தேவை. ஒன்றில் காகிதக் கூம்பின் வழியே மணலை மெதுவாகச் சரியவிட்டு நிரப்புங்கள், தொடவே கூடாது. மற்றொன்றில் கொஞ்சம் கொஞ்சமாக இட்டு, ஒவ்வொரு முறையும் டின்னின் பக்கத்தைத் தட்டித் தட்டி நிரப்புங்கள். சீவாத பென்சிலைச் செங்குத்தாக வைத்து, அதன்மேல் ஒரே எடையை ஏற்றுங்கள். முதல் டின்னில் பென்சில் ஆழமாக இறங்கும். இரண்டாவதில் மேலேயே நிற்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்பதைத்தான் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். டின்களைத் திருப்பி வைத்து ஏமாற்றிப் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த நாள் நீளம் தாண்டும் குழியைச் சமன்படுத்தி வைப்பது நம் பொறுப்பு.

இனி, போர்க்காலத்துக்கு வருவோம்.

1939இல் போர் மூண்டதும் பேக்னோல்டு மீண்டும் படைக்கு அழைக்கப்பட்டார். கிழக்கு ஆப்பிரிக்காவுக்குத்தான் அனுப்பப்பட்டார். வழியில், மத்தியதரைக் கடலில், அவர் சென்ற கப்பல் இன்னொரு கப்பலோடு மோதிச் சேதமடைந்தது. பழுதுபார்க்க நேரம் ஆகும் என்பதால் எகிப்தில் இறங்கினார். பழைய நண்பர்களைப் பார்க்கக் கெய்ரோவுக்குப் போனார். பாலைவனம் அறிந்த ஒருவர் ஊருக்கு வந்திருக்கிறார் என்ற செய்தி படைத்தலைவர் வேவல்வரை எட்டியது. எகிப்திலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஒரு கப்பல் விபத்து இல்லையென்றால் கதையே வேறு.

1940 சூன் 10ஆம் நாள் இத்தாலி போரில் இறங்கியது. லிபியா அப்போது இத்தாலியின் கையில். எகிப்தின் வடக்கே கடற்கரைச் சாலை ஒன்றுதான் போர்முனை என்று இரு தரப்பும் எண்ணியிருந்த வேளையில், தெற்கே மணற்கடலைக் கடந்து எதிரியின் முதுகுப்புறம் போய்ப் பார்த்துவர ஒரு சிறு படை வேண்டும் என்று பேக்னோல்டு கேட்டார். வேவல் ஆறு வாரக் கெடு கொடுத்தார். பழைய தோழர்களான பில் கென்னடி ஷாவும் பேட் கிளேட்டனும் வந்து சேர்ந்தார்கள். வீரர்களாக நியூசிலாந்துக்காரர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பண்ணை வேலை தெரிந்தவர்கள். இயந்திரத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள். பாலைவனத்தை ஒருநாளும் பார்த்திராதவர்கள். செவர்லே லோரிகள் சில கடையிலிருந்தும் சில எகிப்தியப் படையிடமிருந்தும் பெறப்பட்டன. ஒவ்வொன்றிலும் எஃகுத் தகடுகள், கித்தான் பாய்கள், நீராவிக் கலம், கதிரவன் திசைகாட்டி. நெடுந்தூரப் பாலைவனக் குழு என்பது அப்படையின் பெயர்.

விடுப்பில் நண்பர்கள் விளையாட்டாகக் கற்றது இப்போது பயிற்சிப் பாடமானது. ஒருவர் சென்ற தடத்தில் இன்னொருவர் போகக்கூடாது; மேலோடு ஒருமுறை உடைந்தால் இரண்டாவது வண்டி கட்டாயம் புதையும். ஆகவே விசிறிபோல விரிந்து செல்ல வேண்டும். எந்தப் பக்கச் சரிவில் ஏற வேண்டும், உச்சியில் எப்படித் திரும்ப வேண்டும் என்றெல்லாம் சொல்லித்தரப்பட்டன. உச்சியைத் தாண்டி வேகமாகப் பாய்ந்தால் மறுபுறச் செங்குத்தில் வண்டி கவிழும். ஒரு வண்டி சிக்கினால் யார் தகட்டை இறக்குவது, யார் தோண்டுவது, யார் பாயை விரிப்பது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். யாரும் யாரையும் பார்த்துக் கத்த வேண்டிய தேவை இல்லை. எஃகுத் தகட்டைவிட இந்த ஒழுங்கைத்தான் பெரிய கண்டுபிடிப்பு என்பேன்.

1941 சனவரியில் இக்குழு தென்மேற்கு லிபியாவின் மூர்சுக் கோட்டையைத் தாக்கியது. மார்ச்சு முதல் நாள் குஃப்ரா சோலை, லெக்லேர் தலைமையிலான சுதந்திர பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. எதிரிகள் மடையர்கள் என்று எழுதும் போர்க்கதைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. இத்தாலியருக்கும் பாலைவன மோட்டார்ப் படைகள் இருந்தன. சனவரி 31ஆம் நாள் குஃப்ராவுக்குத் தெற்கே ஜெபல் ஷெரீஃப் என்ற இடத்தில் அவர்களே கிளேட்டனின் வண்டிகளை மடக்கிக் கிளேட்டனைச் சிறைப்பிடித்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன்பு அதே மணலில் வரைபடம் வரைந்து திரிந்த மனிதர் அவர். 1932இல் உவைனத் பக்கம் ஆங்கிலேயரும் இத்தாலியரும் அங்கேரிய நாட்டு அல்மாசியும் ஒருவர் வழியை ஒருவர் அறிந்தே சுற்றி வந்தார்கள். வரைபடம் எல்லாருக்கும் பொதுவாக இருந்த காலம் அது. பின்னர் அல்மாசி செருமானியர் பக்கம் சேர்ந்து, 1942இல் இரண்டு ஒற்றர்களைப் பாலைவனத்தின் குறுக்கே எகிப்துக்குக் கொண்டுவந்து விட்டார். சக்கரத்தை மீட்கும் வித்தைக்குக் கட்சி கிடையாது.

பேக்னோல்டின் பெயர் ஒன்றையே சொல்லி முடிக்கும் வழக்கம் இத்தகைய வரலாறுகளில் மிகுதி. அவர் பெரிய மனிதர், ஐயமில்லை. 1944இல் லண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது; 1990 வரை வாழ்ந்தார். ஆனால் வில்லியம்சும் அவரோடு ஓட்டியவர்களும் 1916இலேயே தொடங்கியிருந்தார்கள். பேக்னோல்டின் குழு பாலைவனத்தில் அவர்களுடைய பழைய சக்கரத் தடங்களைக் கண்டிருக்கிறது. மோட்டாருக்கு முன்பே ஹசனைன் உவைனத்தைக் குறித்திருந்தார். அவருக்கும் முன்பே அங்குப் பழங்குடியினர் வாழ்ந்திருந்தார்கள். பதுங்குகுழித் தகட்டைத் தேவையறிந்து எடுத்து வைத்திருந்த அந்தப் பழைய இரும்புக் கடைக்காரரின் பெயர் எங்குமே இல்லை.

தகட்டின் கதையும் அத்தோடு நிற்கவில்லை. 1941இல் அமெரிக்கர்கள் அவசர விமான ஓடுபாதை அமைக்கத் துளையிட்ட எஃகுத் தகடுகளைச் செய்தார்கள். போருக்குப்பின் அவை மலிவாகக் கிடைத்தபோது பாலைவனப் பயணிகள் துண்டுகளாக வெட்டி வண்டியின் பக்கத்தில் கட்டிக்கொண்டார்கள். இன்று நம் ஊர் நான்கு சக்கர இயக்க வண்டிகளின் கூரைமீது பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் பல்லுப்பல்லாக நெகிழிப் பலகைகள் தெரிகின்றனவே, அவை அந்தப் பதுங்குகுழிக் கூரையின் பேரப்பிள்ளைகள்.

தகடு வைக்க ஆளே இல்லாத இடத்தில் என்ன செய்வது? 2005 ஏப்பிரல் 26ஆம் நாள், செவ்வாய்க் கோளில் ஊர்ந்து கொண்டிருந்த ஆப்பர்ச்சூனிட்டி என்ற ஆறு சக்கர ஊர்தி, முப்பது சென்டிமீட்டர் உயரமே உள்ள ஒரு மணல் வரப்பில் சிக்கியது. கலிபோர்னியாவின் பசடேனாவில் இருந்தவர்கள் முதலில் செய்தது ஒன்றும் செய்யாமல் நிறுத்தியதுதான். பிறகு ஆய்வுக்கூடத்தில் மணல், களிமண் முதலியவற்றைக் கலந்து அதே போன்ற மென்மண்ணை உண்டாக்கினார்கள். அதற்குள் இன்னொரு ஊர்தியைப் புதைத்து எடுத்துப் பழகினார்கள். வந்த வழியே பின்னோக்கி, சக்கரங்களைச் சிறிது சுழற்றி, நிறுத்தி, படம் பார்த்து, மறுபடியும் சிறிது. சூன் 4ஆம் நாள் ஊர்தி வெளியே வந்தது. ஏறத்தாழ ஐந்தரை வாரம்.

அதன் இரட்டைப் பிறவியான ஸ்பிரிட்டுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 2006 முதல் ஒரு முன்சக்கரம் செயலற்றிருந்த நிலையில், 2009இல் மெல்லிய மேலோடு உடைந்து அடியிலிருந்த பொடிமண்ணில் இறங்கியது. பல மாத முயற்சி. பின்னர் இன்னொரு சக்கரமும் நின்றது. 2010 சனவரியில் அதை நகராத ஆய்வுநிலையமாக அறிவித்தார்கள். மார்ச்சு 22ஆம் நாளோடு அதன் குறிப்பொலிகள் நின்றன.

2014இல் கியூரியாசிட்டி ஊர்தி ஒரு மணற்பள்ளத்தில் சக்கரம் வழுக்கத் தொடங்கியதும் உள்ளே போகாமல் திரும்பி வேறு வழி பிடித்தது. மறு ஆண்டு இறுதியில் அது கருநிற மணற்குன்றுகளை அடைந்து, ஓரத்தில் நின்று, மணலை அள்ளிச் சலித்து ஆராய்ந்தது. அந்தக் குன்றுத் தொகுதிக்கு அறிவியலாளர்கள் பேக்னோல்டு மணற்குன்றுகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.